சருகுக் குப்பையில் ஒரு பிடி கரி



மாசி முடிந்து பங்குனி பிறக்கும் சமயத்தில், ஒரு நாள் விடியற்காலையில் மயிலாப்பூரிலோ, அடையாறு காந்தி நகரிலோ நடந்து பாருங்கள். வேம்பும் புங்கமும் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுத் தளிர் விடும் காலம் அது. முதல் நாள் மாலை பெருக்கிய தெருவில் மறுநாள் காலை மறுபடியும் சருகு கம்பளம் போல் விரிந்து கிடக்கும். அதைக் கூட்டிக் குவிக்கிறார்கள். பிறகு என்ன ஆகிறது? பெரும்பாலும் அது குப்பை வண்டியில் ஏறுகிறது. சில இடங்களில் யாரோ ஒருவர் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகிறார். குவியல் புகைந்துகொண்டே இருக்கிறது. பள்ளிக்குப் போகும் நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறீர்கள்.

சற்றுத் தொலைவில் கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கும் இலைகள் உதிர்கின்றன. அங்கே காட்டைப் பெருக்குவாரும் இல்லை, கொளுத்துவாரும் இல்லை. ஆனாலும் சருகு ஆண்டுக்கு ஆண்டு குவிந்து மலையாகிவிடவில்லை. அத்தனை இலையும் எங்கே போகிறது? மண்ணுக்கே திரும்பிப் போகிறது. அந்த மண்ணிலிருந்து மீண்டும் இலையாக எழுகிறது.

அந்த வேலையை நம் வீட்டுத் தோட்டத்தில், ஒரு பழைய வாளியில் செய்துகொள்ளலாம். அதில் ஒரு பிடி மரக்கரித் தூளைச் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

தீயில் போனது என்ன?

இலையில் என்னென்ன இருக்கின்றன? பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கார்பன் இருக்கிறது. பிராண வாயுவும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. இவற்றோடு மரம் தன் வேரால் பாடுபட்டு எடுத்த நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம் ஆகியவை சிறு அளவில் இருக்கின்றன. இலையைக் கொளுத்தினால் கார்பன் கரியமில வாயுவாகப் பறந்துவிடும். நைட்ரஜனில் பெரும்பகுதியும் வாயுவாகிக் காற்றோடு போய்விடும். மிஞ்சுவது பொட்டாசியமும் கால்சியமும் கலந்த ஒரு பிடி சாம்பல்தான். ஈரச் சருகு சரியாக எரியாமல் புகைந்தால், நச்சு வாயுவான கார்பன் மோனாக்ஸைடும், நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடிய நுண்துகள்களும் கிளம்புகின்றன.

இதனால்தான் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைத் தெருவில் எரிப்பதைத் தடை செய்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிப்பவருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்டது.

சரி, எரிக்காமல் வண்டியில் ஏற்றினால் போதுமா? சென்னையில் ஒவ்வொரு நாளும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. தென் சென்னையின் குப்பை நெடுங்காலம் பெருங்குடிக்குச் சென்றது. அந்தக் குப்பை மேடு எழுந்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். நாரைகளும் பூநாரைகளும் வந்திறங்கும் நீர்நிலை அது. 2022-ஆம் ஆண்டு அது ராம்சார் பட்டியலில் இடம்பெற்று, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற பெருமையைப் பெற்றது. அதே 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் பெருங்குடிக் குப்பை மேட்டில் தீப்பிடித்தது. பல நாட்கள் புகை ஓயவில்லை. நாம் தெருவில் மூட்டாத தீ அங்கே மூண்டுவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

ஆகவே இலை எங்கே விழுகிறதோ, அங்கேயே அதை மக்க வைப்பதுதான் நல்ல வழி.

வாளிக்குள் ஒரு சமையலறை

இலையை மக்க வைப்பவர்கள் யார்? கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும்தான். நமக்குச் சோறும் பருப்பும் தேவைப்படுவது போல் அவற்றுக்கும் இரண்டு வகை உணவு வேண்டும். சக்திக்குக் கார்பன், உடல் வளர நைட்ரஜன். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் வேலை மும்முரமாக நடக்கும்.

காய்ந்த சருகில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 50 பங்கு, சில சமயம் அதற்கும் மேல் கார்பன் இருக்கும். வெறும் சோறு, பருப்பே இல்லை! அதனால்தான் சருகை மட்டும் குவித்து வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. புதிதாக வெட்டிய புல், காய்கறித் தோல், சாணம் ஆகியவற்றில் நைட்ரஜன் அதிகம். இவற்றைச் சருகோடு கலந்தால் கணக்கு நேராகிறது. கொஞ்சம் ஈரமும் காற்றும் கிடைத்துவிட்டால் நுண்ணுயிர்கள் பெருகும். அவை விடும் வெப்பத்தால் ஒரு பெரிய குவியலின் நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸ் வரைகூடச் சூடேறும்.

இந்தக் கலையை ஒழுங்கான விஞ்ஞான முறையாக வகுத்த இடங்களில் ஒன்று நம் நாட்டு இந்தூர் நகரம். 1920-களில் அங்கே ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேய விஞ்ஞானியும், அவருடன் பணிபுரிந்த யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலாரும் செடிக் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காக வைத்து உரமாக்கினார்கள். 1931-இல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார்கள். உலகெங்கும் ‘இந்தூர் முறை’ என்று அழைக்கப்படுவது அதுவே.

ஆனால் இந்தச் சமையலறையில் ஓர் ஓட்டை உண்டு. புல்லையும் காய்கறித் தோலையும் சற்று அதிகமாகப் போட்டுவிட்டால், நுண்ணுயிர்கள் உண்டு தீர்க்காத நைட்ரஜன் அம்மோனியா வாயுவாக வெளியேறுகிறது. மூக்கைத் துளைக்கும் அந்த நெடியை நீங்கள் மாட்டுத் தொழுவத்தில் முகர்ந்திருப்பீர்கள். பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பது மட்டுமா இதில் நஷ்டம்? செடிக்குப் போகவேண்டிய தழைச்சத்து அல்லவா காற்றோடு போகிறது! இந்த ஓட்டையை அடைக்கத்தான் கரி வருகிறது.

கரி என்பது என்ன?

முதலில் மூன்று பொருள்களைப் பிரித்து அறிந்துகொள்ளுங்கள். நிலக்கரி என்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த தாவரங்களிலிருந்து உண்டாகிச் சுரங்கத்திலிருந்து வருவது. அது நமக்கு வேண்டாம். சாம்பல் என்பது கார்பன் முழுவதும் எரிந்துபோன பின் மிஞ்சும் உப்புகள். நமக்கு வேண்டியது மரக்கரி.

இராமநாதபுரம் பக்கம் போனால் மரக்கரி எப்படி உண்டாகிறது என்பதைக் காணலாம். அங்கே சீமைக் கருவேல மரத்தை வெட்டி, கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, வைக்கோல் அல்லது தழையைப் பரப்பி, மேலே மண்ணைப் பூசி, உள்ளே தீ வைக்கிறார்கள். இதற்குக் கரிமூட்டம் என்று பெயர். உள்ளே காற்று மிகக் குறைவாகவே செல்லும். ஆகவே கட்டை எரிந்து சாம்பலாக முடிவதில்லை. முதலில் ஈரம் போகிறது. பிறகு எளிதில் ஆவியாகும் பொருள்கள் புகையாக வெளியேறுகின்றன. கடைசியில் கார்பன் எலும்புக்கூடு மட்டும் நிற்கிறது. அதுதான் மரக்கரி. இப்படிப்பட்ட கரியை எரிக்காமல் மண்ணுக்கு இடுவதற்கென்று பயன்படுத்தினால், அதற்கு உயிர்க்கரி அல்லது பயோசார் என்று பெயர். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீமைக் கருவேல், நெல் உமி, தேங்காய் ஓடு போன்றவற்றிலிருந்து உயிர்க்கரி தயாரித்து அதன் குணங்களை ஆராய்ந்திருக்கிறார்கள்.

கரியில் அப்படி என்ன விசேஷம்? மரத்தில் நீர் ஏறிய நுண்குழாய்கள் எல்லாம் கரியிலும் அப்படியே துளைகளாக நிற்கின்றன. அத்துளைகளின் சுவர்களில் இன்னும் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. நன்றாகச் சுட்ட மரக்கரி ஒரு கிராமை எடுத்து அதன் உட்சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்ப முடியுமானால், அது நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் வரும். உங்கள் பள்ளியின் கைப்பந்து ஆடுகளம் 162 சதுர மீட்டர். ஒரு கிராம் கரிக்குள் ஓர் ஆடுகளத்துக்கு மேல் இடம் இருக்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

இந்தச் சுவர்களில் அம்மோனியா ஒட்டிக்கொள்கிறது. துளைகளில் நீர் தங்குகிறது. ஈரச் சருகு ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளாமல் கரித்துண்டுகள் இடைவெளி விடுவதால் காற்றும் உள்ளே புகுகிறது. அமெரிக்காவில் கோழி எருவை மக்க வைக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு பைன் மரக் கரியைச் சேர்த்துப் பார்த்தார்கள். நைட்ரஜன் இழப்பு ஏறக்குறைய பாதி அளவு வரை குறைந்தது. 2010-இல் வெளியான முடிவு இது. கோழி எருவில் நைட்ரஜன் மிக அதிகம். அதனால் பலனும் பெரிதாகத் தெரிந்தது. சருகு அதிகமாக உள்ள குவியலில் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது.

கரியிலும் கார்பன்தானே இருக்கிறது, நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! கரியின் கார்பன் அணுக்கள் உறுதியான வளையங்களாகப் பிணைந்திருக்கின்றன. அவற்றை உடைப்பது நுண்ணுயிர்களுக்கு மிகக் கடினம். இதற்குச் சான்று வேண்டுமா? மதுரைக்கு அருகே கீழடியில் பூமிக்கடியில் 353 செ.மீ. ஆழத்திலிருந்து எடுத்த கரி மாதிரியைச் சோதித்தபோது அதன் காலம் கி.மு. 580 என்று தெரிந்தது. 2,600 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் கரி கரியாகவே இருந்தது! தென் அமெரிக்காவில் அமேசான் காட்டில் பழங்குடி மக்கள் கரி, எலும்பு, உணவுக் கழிவு இவற்றைச் சேர்த்து உண்டாக்கிய கறுப்பு மண், பல நூற்றாண்டுகள் கழித்தும் சுற்றிலும் உள்ள வெளிறிய மண்ணைவிட வளமாக இருக்கிறது.

இலை, காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துத்தான் தன் உடலைக் கட்டியது. அந்தக் கார்பனைக் கரியாக்கி மண்ணில் வைத்தால், அதில் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் காற்றுக்குத் திரும்புவதில்லை. உலகம் சூடேறி வரும் இந்நாளில் விஞ்ஞானிகள் உயிர்க்கரியில் அக்கறை காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலிக் கிடங்கும் நிறைந்த கிடங்கும்

அப்படியானால் கரியை நேராகத் தொட்டியில் கொட்டிவிடலாமே, எதற்காக மக்கும் குவியலில் போடவேண்டும்? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

2015-ஆம் ஆண்டு ஜெர்மனியில் கிளாடியா காமன் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் கினோவா என்ற தானியச் செடியைச் சத்தில்லாத மணற்பாங்கான மண்ணில் வளர்த்தார்கள். சில தொட்டிகளில் வெறும் கரியை 2 சதவீதம் கலந்தார்கள். செடியின் எடை, கரி இடாத தொட்டியோடு ஒப்பிட்டால் 60 சதவீதமாகக் குறைந்துபோயிற்று. வேறு சில தொட்டிகளில், மக்கு உரத்தோடு சேர்ந்து ஊறிய கரியை அதே 2 சதவீதம் கலந்தார்கள். செடியின் எடை சுமார் மூன்று மடங்கு வரை உயர்ந்தது!

ஒரே கரி, ஒரே அளவு, ஆனால் நேர் எதிரான பலன். காரணம் என்ன? புதுக்கரி ஒரு காலிக் கிடங்கு. மண்ணில் போட்டதும் அங்கே இருக்கும் கொஞ்சநஞ்சச் சத்தையும் அது தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். மக்கும் குவியலில் இரண்டு மூன்று மாதம் இருந்த கரியோ நிறைந்த கிடங்கு. அதன் துளைகளில் நைட்ரேட் உப்புகள் தங்கியிருக்கின்றன. அதன் சுவர்கள் மீது மெல்லிய கரிமப் பூச்சு ஒன்று படிந்து, நீரையும் சத்தையும் பிடித்து வைப்பதாக 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. செடி கேட்கும்போது கிடங்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறது.

ஆகவே இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: கரி உரம் அல்ல, உரத்தை வைக்கும் பெட்டி. பெட்டியை நிரப்பாமல் செடிக்குக் கொடுக்காதீர்கள்.

நம் ஊர் மண்ணுக்கு இது ஏன் தேவை?

மயிலாப்பூர், அடையாறு, பெசன்ட் நகர் எல்லாம் கடலோரப் பகுதிகள். பல இடங்களில் ஒரு முழம் தோண்டினாலே மணல் வரும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. சல்லடையில் ஊற்றிய நீர் போல, மணலில் இட்ட உரத்தின் சத்து மழையோடு கீழே இறங்கிவிடும். போதாக்குறைக்கு, நம் ஊர் வெயிலில் மக்கு உரம் விரைவில் சிதைந்து தீர்ந்துபோகும். சத்தைப் பிடித்துவைக்கும் ஒன்று மண்ணிலேயே நிலைத்து நிற்கவேண்டும். கரி அதற்குப் பொருத்தமானது.

தியாகராய நகரின் கதை வேறு. 1920-களில் பெரிய ஏரி ஒன்றை வடித்துத்தான் அந்த நகரை உண்டாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரியைத்தான் காணோம்! ஏரி வண்டல் உள்ள களிமண் தானாகவே சத்தையும் நீரையும் பிடித்துக்கொள்ளும். அங்கே கரியால் வரும் லாபம் சத்தைக் காப்பதைவிட மண்ணை இளக்கிக் காற்றோட்டம் தருவதில்தான் அதிகம். ஒரே நகரத்தில் சில மைல் தூரத்துக்குள் மண் மாறுகிறது, மருந்தும் மாறுகிறது.

செய்து பாருங்கள்

கரிக்கு எங்கே போவது? உங்கள் தெருமுனை இஸ்திரி வண்டியைப் பாருங்கள். இப்போது பலர் எரிவாயுப் பெட்டிக்கு மாறிவிட்டார்கள். கரிப்பெட்டி வைத்திருப்பவரிடம், “அண்ணா, மூட்டைக்கு அடியில் தங்கும் கரித்தூளைத் தருவீர்களா?” என்று கேளுங்கள். அவருக்குப் பயன்படாத தூள்தான் நமக்கு வேண்டியது. பெட்டியிலிருந்து கொட்டும் சாம்பலை வாங்கிவிடாதீர்கள். நீங்களாகத் தீ மூட்டிக் கரி சுடவும் முயலாதீர்கள்.

1. இரண்டு பழைய பெயிண்ட் வாளிகளைக் கழுவி, அடியிலும் பக்கங்களிலும் துளையிடுங்கள்.

2. ஒவ்வொன்றிலும் நொறுக்கிய சருகு எட்டுக் கை, பசும்புல் அல்லது காய்கறித் தோல் நாலு கை, பழைய மக்கு உரம் அல்லது சாணம் ஒரு கை போட்டுக் கலக்குங்கள். சாணம் கிடைக்காவிட்டால் புளித்த மோர் ஒரு தம்ளர் தெளிக்கலாம்.

3. கரித்தூளை முதலில் நீர் தெளித்து நனைத்துவிடுங்கள். உலர்ந்த தூள் மூக்கில் ஏறக்கூடாது. அதில் ஒரு கை எடுத்து இரண்டாவது வாளியில் மட்டும் சேர்த்துக் கலக்குங்கள். வாளிகளில் 1, 2 என்று எண் எழுதுங்கள்.

4. பிழிந்த துணியின் ஈரம் போதும். வாரம் இருமுறை கிளறுங்கள்.

5. மஞ்சள் தூளைக் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி உலர்த்தி, பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஆரத்தி நீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதல்லவா? காரப்பொருள் பட்டால் மஞ்சள் சிவக்கும். அம்மோனியாவும் காரம்தான். முதல் 10 நாட்கள், தினமும் ஈரமாக்கிய மஞ்சள் பட்டை ஒன்றை ஒவ்வொரு வாளியின் மூடிக்கு அடியிலும் தொங்கவிட்டு, அரை மணி கழித்துப் பாருங்கள். எது சிவக்கிறது, எவ்வளவு சிவக்கிறது?

6. பள்ளி ஆய்வுக்கூட வெப்பமானியால் குவியலின் நடுவே வெப்பத்தை அளந்து எழுதுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி வேண்டாம். வாளி சிறியதாகையால் வெப்பம் சில டிகிரிதான் ஏறும். சரிந்துவரும் உயரத்தை அளவுகோலால் அளந்து குறியுங்கள்.

இரண்டு மூன்று மாதங்களில் உரம் கறுத்து, மழை பெய்த மண் போல் மணக்கும். அப்போது நான்கு வகைத் தொட்டிகள் வையுங்கள்: வெறும் மண், மண்ணும் புதுக்கரியும், மண்ணும் முதல் வாளி உரமும், மண்ணும் இரண்டாம் வாளி உரமும். பத்துப் பங்கு மண்ணுக்கு உரம் ஒரு பங்கு. புதுக்கரி என்றால் அதில் பாதி போதும். கடற்கரை மணலை எடுக்காதீர்கள், உப்பு இருக்கும். ஒவ்வொரு வகையிலும் மூன்று தொட்டிகள் இருக்கவேண்டும். ஒன்றில் மட்டும் பார்த்தால் அது எதேச்சையா, உண்மையா என்று தெரியாது. எல்லாவற்றிலும் ஒரே கீரை விதையை விதைத்து, ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். முப்பதாம் நாள் கீரையைப் பிடுங்கி மண்ணைக் கழுவி எடை போடுங்கள்.

சில எச்சரிக்கைகள்

கரி நல்லது என்பதற்காக அள்ளிக் கொட்டக்கூடாது. புதுக்கரியில் ஒட்டியிருக்கும் சாம்பல் காரத்தன்மை உடையது. அதிகமானால் செடிக்கு ஆகாது. பத்துக் கைக்கு ஒரு கை என்பதே மேல்வரம்பு. உரம் செய்வதற்கென்று நல்ல மரத்தை வெட்டிக் கரி சுடுவதும் முறையல்ல. மூட்டத்திலிருந்து வரும் புகையும் காற்றைக் கெடுக்கிறது. வீணாகும் தூளும், களையாக மண்டிய சீமைக் கருவேலும், தேங்காய் ஓடும் போதும்.

கரி கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். கரியில்லாத முதல் வாளியும் நல்ல உரத்தையே தரும். எரிக்காமல் மக்க வைப்பதுதான் முதல் படி. கரி இரண்டாவது படி.

உங்கள் சோதனையில் இரண்டு வாளிக்கும் வித்தியாசமே தெரியாமல் போகலாம். அப்போதும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். “எங்கள் மண்ணில், இந்த அளவில், வித்தியாசம் தெரியவில்லை” என்பதும் ஒரு விஞ்ஞான முடிவுதான்.

அடுத்த பங்குனியிலும் வேம்பு இலையுதிர்க்கும். தெருமுனையில் குவியல் சேரும். அப்போது யாராவது தீப்பெட்டியை எடுத்தால், ஓடிப்போய் உங்கள் குறிப்பேட்டையும் கீரைத் தொட்டியையும் காட்டுங்கள். “மாமா, கொளுத்தாதீர்கள், எனக்கு அந்தச் சருகு வேண்டும்” என்று கேளுங்கள்.